குச்சி குச்சியாகக் கட்டும் விமானம்: நெல்லைச் சீமையிலிருந்து கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் ஐந்து விமானங்கள் தொங்குகின்றன. எல்லாமே ரேடியோ கண்ட்ரோலில் பறப்பவை, பால்சா என்ற மிக லேசான மரத்தில் நானே கட்டியவை. முன்பெல்லாம் பார்க்க வருகிறவர்கள், “இதை எப்படிக் கட்டினீங்க?” என்று கேட்பார்கள். இப்போது, “கடையிலேயே கிடைக்குமே, ஏன் கட்டினீங்க?” என்கிறார்கள். இரண்டு வகைக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கிட் என்று எதைச் சொல்கிறீர்கள்? கடையில் வாங்கும் விமானத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

விமானத்தை நாமே கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய நீளமான ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் முதலில் கைக்கு வருவது சுருட்டி வைத்த முழு அளவு வரைபடம். அதன் கீழே பால்சா தாள்கள், சதுரக் குச்சிகள், கொஞ்சம் ப்ளைவுட், வளைத்த கம்பி, சக்கரம். அவ்வளவுதான். மோட்டார், வால் மடல்களை அசைக்கும் சர்வோ, ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவர், மேலே ஒட்டும் ஃபிலிம் எதுவும் அதில் இருக்காது. பழைய கிட்டில் இறக்கையின் விலா எலும்புகளை, நாங்கள் ரிப் என்போம், தாளில் அச்சடித்து மட்டும் தந்திருப்பார்கள். பிளேடு வைத்து நாம்தான் வெட்ட வேண்டும். பிறகு அச்சால் அழுத்தி வெட்டியவை வந்தன. இப்போது லேசரில் வெட்டித் தருகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஏஆர்எஃப், அதாவது பறக்க ஏறக்குறையத் தயாரானது. தொழிற்சாலையிலேயே கட்டி, ஃபிலிம் ஒட்டி வந்துவிடும். இறக்கையைச் சேர்த்து, மோட்டாரையும் சர்வோவையும் பொருத்தினால் இரண்டு மூன்று மாலைகளில் பறக்கத் தயார். ஆர்டிஎஃப், அதாவது பறக்க முழுதும் தயாரானது, இன்னும் சுலபம், பேட்டரியைச் சார்ஜ் போட்டால் போதும். இன்றைக்கு நம் பக்கத்துப் பையன்கள் கையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஃபோமில் வார்த்த இந்த வகைதான்.

கட்டுகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைந்துபோனார்கள்?

ஆர்வம் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆர்வம் அப்படியேதான் இருக்கிறது, கணக்குதான் மாறிவிட்டது.

முதல் கணக்கு பணம். ஒரு கிட்டின் விலையோடு ஃபிலிம், பசை, சக்கரம், கீல், எரிபொருள் டேங்க் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சீனாவிலோ வியட்நாமிலோ கட்டி முடித்து வரும் ஏஆர்எஃப் அதே விலைக்கோ அதற்குக் கீழேயோ வந்து நிற்கும். வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறவருக்கு அவருடைய மாலைப்பொழுதுக்குக் கூலி கிடையாது. ஆனாலும் செலவு கூடுகிறது. இதைப் பார்த்து ஒதுங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கணக்கு எடை. முன்பு எஞ்சினும் நிக்கல் காட்மியம் பேட்டரியும் கனமாக இருந்தன. அவற்றைத் தூக்க இறக்கை லேசாகவும் உறுதியாகவும் இருந்தாக வேண்டும். அந்த இரண்டு குணத்தையும் ஒருசேரத் தருவது பால்சாதான். 2000-க்குப் பிறகு பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரியும் மலிந்ததும் சின்ன எடையிலேயே வேண்டிய சக்தி வந்துவிட்டது. இறக்கை கொஞ்சம் முரடாக இருந்தாலும் பறக்கும் என்ற நிலை வந்தபோது ஃபோம் உள்ளே நுழைந்தது.

மூன்றாவது காரணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பழைய ரேடியோக்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசைக் கிரிஸ்டல் இருக்கும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஆன் செய்தால் மேலே பறப்பது கீழே விழுந்துவிடும். அதனால் மைதானத்துக்கு வருகிறவர் முதலில், “அண்ணாச்சி, நீங்க எந்த சேனல்?” என்று கேட்டாக வேண்டும். கேட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் இறக்கை எப்படி ஒட்டினாய், ஏன் முறுக்கிக்கொண்டது என்று விஷயமும் வரும். நான் பாதித் தொழிலை அப்படித்தான் கற்றேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபின் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரேடியோவாக அது எவ்வளவோ பாதுகாப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கையிலிருந்து கைக்குப் போன பாடம் அங்கேதான் அறுந்தது.

அப்புறம் கிட் செய்யும் கம்பெனிகளும் குறைந்தன. கிரேட் பிளேன்ஸ், டாப் ஃப்ளைட் என்று ஒரு காலத்தில் கட்டுகிறவர்கள் உச்சரித்த பெயர்கள் அமெரிக்காவின் ஹாபிக்கோ நிறுவனத்தின் கீழ் இருந்தன. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பெயர்கள் ஹொரைசன் ஹாபி கைக்குப் போயின, பழைய கிட் வரிசை திரும்பி வரவில்லை. எல்லாமே மூடிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 1926-இல் தொடங்கிய கில்லோஸ் இன்னும் ரப்பர் முறுக்கிப் பறக்கும் பால்சா கிட்டுகளை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

காற்றாலைக்கும் பால்சா விலைக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நம் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். லாரியில் ஓர் இறக்கை வரும்போது சாலையே நின்றுவிடும். இறக்கையின் மேல்தோல் கண்ணாடி இழை. உள்ளே முழுக்கக் கண்ணாடி இழையே வைத்தால் கனம் தாங்காது. எனவே இரண்டு தோலுக்கும் நடுவே லேசான ஒரு பொருளை வைத்து ரொட்டியும் உள்ளடக்கமும் போல ஒட்டுகிறார்கள். அந்த நடுப்பொருள் பால்சாவாக இருக்கும், அல்லது ஒருவகை ஃபோமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இதே வித்தைதான்: ப்ளைவுட், பால்சா, ப்ளைவுட்.

உலகத்துப் பால்சாவில் பெரும்பகுதி தென்னமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருகிறது. 2019, 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழும்பியபோது அந்த மரத்துக்கு அடிதடி ஆகிவிட்டது. விலை ஏறியது, தரமான தாள் கிடைக்காமல் போனது. ஓர் இறக்கைக்குள் போகும் மரத்தில் எத்தனை மாதிரி விமானம் கட்டலாம் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய தொழிலோடு எங்களைப் போன்றவர்கள் போட்டி போட முடியுமா? ராதாபுரம் பக்கம் சுற்றுகிற அந்த வெள்ளை இறக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதற்குள்ளும் நம் மரம் இருக்குமோ என்ற நினைப்பு வராமல் போவதில்லை. அது கோபமல்ல, ஒரு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சொந்தம் என்றதும் இன்னொன்று. பால்சா நம் இலவ மரத்துக்கு உறவு. இரண்டும் ஒரே குடும்பம், காய்க்குள் பஞ்சு இருப்பதும் ஒன்றுபோல. சில வருடங்களிலேயே மளமளவென்று வளர்ந்துவிடுவதால்தான் அவ்வளவு லேசு. ‘பால்சா’ என்பதே ஸ்பானிய மொழியில் தெப்பம் என்று பொருள்படும் சொல். 1947-இல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலைக் கடந்த கோன்-டிக்கி தெப்பம் இந்த மரத்தில் கட்டியதுதான்.

நம்மூர் மரங்களில் கட்ட முடியாதா?

பலமுறை முயன்றிருக்கிறேன். கல்யாண முருங்கை லேசுதான், ஆனாலும் பால்சாவைவிடக் கனம். கோவில்பட்டிப் பக்கம் தீக்குச்சிக்கு ஆகும் பெருமரம் அதைவிடக் கனம். நெட்டி பால்சாவைவிட லேசு, ஆனால் விரலால் அமுக்கினால் குழியும். அலங்காரத்துக்கு வைக்கும் மாதிரிக்கு அருமையான பொருள், பாரம் தாங்காது.

நம்மூர்ச் சரக்கில் என்னை ஏமாற்றாதவை இரண்டு. ஒன்று மூங்கில். நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சீவி மெல்லிய வரிச்சாக எடுத்து, இறக்கையின் நடு உத்தரத்தில், அதாவது ஸ்பாரில், மேலும் கீழும் ஒட்டினால் கனம் கூடாமல் உறுதி வரும். இன்னொன்று தென்னை ஈர்க்கு. அடியில் தடித்து நுனியில் மெலிந்து வருவதால், சின்னக் கிளைடரின் இறக்கை விளிம்புக்குச் செதுக்காமலே பொருந்தும். பட்டம் கட்டின கைக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

ஆனாலும் ரிப் வெட்டுவதற்குப் பால்சாவுக்கு மாற்று நான் இன்னும் காணவில்லை.

பால்சா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. 3 மி.மீ. கனம், 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம் உள்ள தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு தாள் 30 கிராம் நிற்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொன்று 60 கிராம் நிற்கும். அளவும் விலையும் ஒன்றுதான். லேசானதை வாலுக்கும் இறக்கை நுனிக்கும் வையுங்கள், கனமானதை ஸ்பாருக்கும் மூக்குப் பக்கத்துக்கும். தபாலில் வரவழைத்தால் தேர்ந்தெடுக்க வழியில்லை, எனவே தேவைக்கு மேல் நாலு தாள் சேர்த்து வாங்கி, வந்ததும் தராசில் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் எடையை எழுதிவிடுவேன். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

இன்னொன்று, மரத்தின் வரி. தாளைக் குறுக்கே மெல்ல வளைத்தால் சில தாள் குழல்போல் வளைந்து கொடுக்கும். அது வளைந்த பாகங்களை மூட நல்லது. சில தாள் வளையாமல் விறைத்து நிற்கும், மேலே மீன் செதில்போல் புள்ளி புள்ளியாக மினுங்கும். அதை ரிப்புக்கு ஒதுக்குங்கள்.

கரையானும் எலியும் பால்சாவை விடாது. தரையில் வைக்கவே வைக்காதீர்கள். நான் உத்தரத்தில் இரண்டு கொக்கி அடித்து, துணித்தொட்டில் கட்டி அதில் வைத்திருக்கிறேன்.

கட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? பறக்கவிடுவதுதானே சந்தோஷம்?

பறக்கவிடுவது சந்தோஷம்தான். கட்டும்போது கிடைப்பது வேறு, அதற்கு ஓர் இறக்கையைக் காட்டினால்தான் புரியும்.

மேசைமேல் சமமான பலகை. அதன்மேல் வரைபடம். அதன்மேல் பசை ஒட்டாமலிருக்க மெல்லிய பாலிதீன் தாள். கீழ் ஸ்பார் குச்சியைக் கோட்டின்மேல் வைத்து இரண்டு பக்கமும் குண்டூசி குத்துகிறேன். குச்சிக்குள் குத்தக்கூடாது, ஓரத்தில் அணைத்துக் குத்த வேண்டும். ரிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றும் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஃபெவிகால் வைக்கிறேன். பல்குச்சி நுனியால் ஒரு சொட்டு. அதற்கு மேல் வைத்தால் பலம் கூடாது, எடைதான் கூடும். மேல் ஸ்பார், முன் விளிம்பு, பின் விளிம்பு. பின் விளிம்பை ஒட்டும் முன் இறக்கை நுனியில் மட்டும் அதற்கு அடியில் தீப்பெட்டி அட்டையை நாலு மடிப்பு மடித்துச் சொருகுகிறேன். காய்ந்து எடுக்கும்போது நுனி இம்மியளவு முறுக்கியிருக்கும்.

அந்த முறுக்கல் எதற்கு? விமானம் வேகம் குறைந்து மூக்கைத் தூக்கும்போது இறக்கை ஒரு கட்டத்தில் காற்றைப் பிடிக்க மறுக்கும். நுனி முதலில் மறுத்தால் ஒரு பக்கமாகச் சட்டென்று சாய்ந்து சுழன்று விழும். நுனி முறுக்கி இருந்தால் நடுப்பகுதி முதலில் மறுக்கும், விமானம் நேராக மூக்கைத் தாழ்த்தும், நாம் சமாளித்துவிடலாம். வாஷ்அவுட் என்று பெயர். புத்தகத்தில் இதைப் பத்துத் தடவை படித்திருந்தேன். தீப்பெட்டி அட்டையை என் கையால் சொருகிய அன்றுதான் புரிந்தது.

இன்னொரு வித்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வரைபடங்களில் இடத்தை மிச்சப்படுத்த ஒரு பக்க இறக்கையைத்தான் வரைந்திருப்பார்கள். மறுபக்க இறக்கைக்கு என்ன செய்வது? தாளைத் திருப்பிப் போட்டு, பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினால் கோடுகள் அப்படியே பின்பக்கம் தெரியும். அதன்மேல் வைத்துக் கட்டலாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் எங்களுக்கு ஏரோமாடலிங் கற்பித்த ஓர் அண்ணன். அந்த வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விரித்தால் இன்றைக்கும் எண்ணெய் வாசம் வரும்.

இப்படிக் கட்டிய விமானம் விழுந்து உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டியவனுக்குத் தெரியும். எந்த ரிப், எந்த இணைப்பு, உள்ளே எந்தக் குச்சி எங்கே போகிறது என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். ஒட்டி, தேய்த்து, அடுத்த ஞாயிறு பறக்கவிடலாம். வாங்கின விமானம் உடைந்தால் பலர் அடுத்ததை ஆர்டர் போடுவதைப் பார்க்கிறேன். எனக்கு வருத்தம் அந்த இடத்தில்தான்.

அப்படியானால் ஃபோம் விமானம் மட்டமா?

இல்லவே இல்லை. பறக்கப் பழகுகிறவருக்கு ஃபோம்தான் நல்லது. விழும், ஒட்டலாம், மறுபடி விழும். தெர்மோகோல் ஃபோமில் மட்டும் ஃபெவிக்விக் போட்டுவிடாதீர்கள், கரைத்துவிடும். சன்போர்டு என்ற ஃபோம் பலகை வாங்கி வரைபடம் வைத்து வெட்டிக் கட்டுகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களும் கட்டுகிறவர்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். வெட்டி ஒட்டின கைக்கு எடையும் சமநிலையும் தெரிந்துவிடும், அங்கிருந்து பால்சாவுக்கு வருவது ஒரு படிதான்.

பழைய மாதிரி எஞ்சின் போட்டுப் பறக்கவிட ஆசை. முடியுமா?

அந்தச் சத்தமும் விளக்கெண்ணெய் கருகும் வாசமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். க்ளோ என்ற அந்தப் பழைய வகை எஞ்சினுக்கு மெத்தனால் வேண்டும். கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடிக்கும் பொருள் அது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அதை வைத்திருக்க உரிமம் வேண்டும், அது நியாயமும்கூட. ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஓடும் சின்ன டீசல் எஞ்சின்களும் ஒரு காலத்தில் இருந்தன. ஈதரை வீட்டில் வைப்பது நெருப்பைப் பக்கத்தில் படுக்கவைப்பது மாதிரி. எலக்ட்ரிக் மோட்டார் போடுங்கள். மர விமானம் மோட்டாரிலும் அழகாகத்தான் பறக்கும்.

நெல்லைப் பக்கம் எங்கே, எப்போது பறக்கவிடலாம்?

மாதத்தைப் பார்த்துத்தான் இடம். ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேல்காற்று அடித்து இறங்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் ஒன்றரை கிலோ பால்சா விமானம் எம்மாத்திரம்? பழகுவதற்கு ஏற்ற விமானம் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும். காற்றும் அதே வேகத்தில் எதிரே வந்தால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதைவிட வேகமாக வந்தால் பின்னால் போகும். அந்த மூன்று மாதம் கட்டுவதற்கென்றே கடவுள் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, குளமெல்லாம் நிறைந்துவிடும். தை பிறந்தபிறகு விடிகாலைகள் அருமை. பங்குனிக்கு மேல் வற்றிய குளத்துத் தரை வெடித்துக் காய்ந்திருக்கும், ஓடுபாதைக்குக் குறைவே இல்லை. ஏழரை, எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் சூடான காற்று குமிழ் குமிழாக எழும்பி விமானத்தைத் தூக்கிப் போடும். திசையன்விளைப் பக்கத் தேரியில் மட்டும் வேண்டாம். அந்தச் செம்மணல் மோட்டார் பேரிங்குக்குள் போனால் அத்தோடு சரி.

தரை யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆடு மேய்க்கிறவர்கள் இருந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள்.

சட்டம் தனி விஷயம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். நானோவுக்கும், வியாபாரத்துக்கு அல்லாமல் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் பைலட் உரிமம் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை அனுமதி. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். நமக்கு வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது. அதோடு கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் ஆகிய மூன்றும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் பக்கமெல்லாம் போகவே வேண்டாம். பதிவு பற்றிய விதியையும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், ஆசைப்படுகிறான். எங்கிருந்து ஆரம்பிக்க?

ரேடியோவே வேண்டாம். முதலில் இறக்கை நுனிக்கு நுனி ஒரு முழம் வருமாறு பால்சா தாளில் கையால் வீசும் கிளைடர். ஒரு மாலை வேலை. மூக்கில் களிமண் வைத்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகத்துக்குள் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் களிமண்ணைக் கூட்டிக் குறைக்கட்டும். ஒரு வருடப் பாடம் அதில் இருக்கிறது.

அடுத்தது ரப்பர் முறுக்கி விடுவது. 1871-இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் இதே ரப்பரை முறுக்கித்தான் ஒரு மாதிரி விமானத்தை 11 வினாடி பறக்கவிட்டார், ரைட் சகோதரர்களுக்கு முப்பது வருடம் முன்னால்.

மூன்றாவதாக ரேடியோ. மேலே இறக்கை வைத்த, இரு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்த, நுனிக்கு நுனி ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானம். பறக்கப் பழக ஃபோம் ஒன்று, கட்டிப் பழகப் பால்சா ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒரு மாதம் கட்டினதை முதல் நாளே உடைத்துக்கொண்டு பையன் இதையே வெறுத்துவிடக் கூடாது. லிப்போ பேட்டரி விஷயத்தில் மட்டும் நீங்கள் கூட இருங்கள். நிறைந்தால் செல்லுக்கு 4.2 வோல்ட், எடுத்து வைக்கும்போது 3.8. நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் அதை ஒருபோதும் விடாதீர்கள்.

பக்கத்துக் கல்லூரியில் என்சிசி ஏர் விங் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏரோமாடலிங் இன்னும் பயிற்சியில் உண்டு.

லேசர் வெட்டு வந்துவிட்டதே. கிட் மறுபடி உயிர்க்குமா?

பழைய பெட்டி திரும்பி வருமா என்றால், அதே அளவில் வராது என்றே நினைக்கிறேன். வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் விமான வடிவமைப்புப் போட்டிகளுக்காகக் கணினியில் வரைந்து, லேசரில் ரிப் வெட்டி, பால்சாவில் கட்டுகிறார்கள். வரைபடத்தைக் கொடுத்தால் விளம்பரப் பலகை செய்யும் கடையில்கூட வெட்டித் தருகிறார்கள். பொருத்தம் அவ்வளவு துல்லியமாக இருக்கும், உப்புத்தாள் வேலை பாதியாகக் குறைந்துவிடும். விளிம்பு கருகியிருப்பதை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டுப் பசை வையுங்கள்.

இன்னொரு பக்கம், முழுதாகச் செய்த ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. தயாராக வருவதற்கு வழி குறுகும்போது, மோட்டாரும் சர்வோவும் வாங்கி உடலை இங்கேயே கட்டுவதற்கு நியாயம் கூடுகிறது. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து மரச்சொப்பு செய்கிற கைகள் இருக்கும் மாவட்டம் இது. ரிப் வெட்டி, ஸ்பார் சீவி, ஒரு பையில் போட்டு, தமிழில் ஒரு விளக்கத் தாளும் வைத்து விற்க நாலு பேர் முன்வந்தால் முதல் பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா இறந்தபிறகு பரணில் பாதி கட்டிய விமானம் ஒன்று கிடைத்தது. என்ன செய்யலாம்?

முதலில் வரைபடத்தை நகல் எடுங்கள். பழைய தாள் மடிப்பில் கிழியும், அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் பூச்சி இருக்கிறது, அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடினால் ஒரு சொட்டுப் பசை. கூடவே டோப் என்ற பழைய வார்னிஷ் டப்பா இருந்தால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் அப்புறப்படுத்துங்கள், சட்டென்று தீப்பிடிக்கும். ரப்பர் எல்லாம் இற்றுப்போயிருக்கும், புதிது போடுங்கள்.

பெட்டியில் 40 எஞ்சின் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 6.5 சிசி. அதற்குப் பதில் மோட்டார் போடலாம். கிலோவுக்கு 200 வாட் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இரண்டரைக் கிலோ விமானத்துக்கு 500 வாட். பேட்டரி வைக்க முன்பக்கம் ஒரு மூடி வெட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு தம்பி இப்படித்தான் ஓர் இறக்கையைச் சேலையில் சுற்றி எடுத்து வந்தான். ரிப் ஒவ்வொன்றிலும் அவன் அப்பா பென்சிலால் எண் போட்டிருந்தார். ஏழாவது ரிப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தேதி, அதன் கீழ் மகன் பெயர். அவன் பிறந்த நாள் அது என்றான். உப்புத்தாள் போடப் போன கையை நிறுத்திவிட்டேன். ஒளி ஊடுருவும் மஞ்சள் ஃபிலிம் வாங்கி, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து ஒட்டினோம். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரிகிறது. உங்கள் விமானத்திலும் அப்படிப் பென்சில் குறி இருந்தால் அழித்துவிடாதீர்கள், அந்த ஃபிலிமையே கேட்டு வாங்குங்கள்.